விட்டுப்போன படங்கள்

தங்கச்சிமடம் வீட்டில் மகள் பிரெசில்லா லேப்டாப் முன் உட்கார்ந்து, ஆன்லைன் விசாரணையில் தன் பேடண்ட் மேல்முறையீட்டுக்குத் தானே வாதாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஜோதிமேரிக்கு இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் நீதிபதி எத்தனை கேள்வி கேட்டும் மகளின் குரல் தடுமாறவில்லை. தாய்க்கு அதுவே பெருமையாக இருந்தது.

சிக்னல் குறைந்தாலும் வீடியோ நிற்காமல் ஓட ஒரு வழியைப் பிரெசில்லா கண்டுபிடித்திருந்தாள். வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் எவற்றை விட்டால் காட்சி உடையாதோ, அவற்றை மட்டும் அது தாண்டிப் போகும். இதில் புதுமை இல்லையென்று பேடண்ட் அலுவலகம் மறுத்திருந்தது.

நீதிபதி ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் வழக்கமாகச் சோதிக்கும் வீடியோவைப் போட்டாள். தம்பி ஜெனிஷ் கடைசியாகக் கடலுக்குப் போய்த் திரும்பி வராத நாளின் காலையில் அவள் எடுத்தது. வள்ளம் தூரத்தில் புள்ளியாகி மறைந்ததும் அது முடிந்துவிடும்.

இன்று முடியவில்லை. மறைந்த புள்ளி மறுபடி தெரிந்தது. வள்ளம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“காட்சி எங்கும் உடையவில்லை. இது புதியதுதான்” என்றார் நீதிபதி. மேல்முறையீட்டை ஏற்பதாக அறிவித்துவிட்டு இணைப்பிலிருந்து விலகினார். வீடியோ நிற்காமல் ஓடியது.

“அம்மா, இதுக்கு மேல நான் எடுக்கவே இல்ல” என்றாள் பிரெசில்லா. அவள் கை லேப்டாப்பை மூடப் போனது.

“நல்லாத்தான் செஞ்சிருக்க தாயி. மூடிறாத. அவன் வாரான்ல.”

ஜோதிமேரி சார்ஜரை எடுத்துவந்து செருகினாள். வள்ளம் ஆழம் குறைந்த தண்ணீருக்கு வந்துவிட்டது. ஜெனிஷ் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, பிடிக்க ஆள் இருக்கிறதா என்று கரையைப் பார்த்தான்.