பெட்ரோல் குடித்த ஜீப்

டீசல் ஜீப்புக்கு நான் பெட்ரோல் ஊற்றிவிட்டேன். அதுவும் அமைதிப்படையின் வெள்ளை ஜீப்புக்கு, ஒரு மதுக்கடையைச் சோதனையிடக் கிளம்பும் நேரத்தில். முகாம் வாசலைக்கூடத் தாண்டாமல், இருமிவிட்டு அது படுத்துக்கொண்டது.

"ஃபாதில், நீ எங்க பக்கமா, அந்த என்வெர் பக்கமா?" என்றார் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த கேப்டன் லாஸ்ஸே. அவருக்கு ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் இரண்டும் நான்தான். இரண்டிலும் ஒரே லட்சணம்.

என்வெர், எங்கள் போஸ்னிய ஊரின் சாலையோர மதுக்கடைக்காரன். ஹோட்டல் வேலை என்று சொல்லி மால்டோவாவிலிருந்து கூட்டிவந்த பெண்களைக் கடை மாடியில் அடைத்து வைத்திருந்தான். ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் காலிக் கட்டில்கள்தான் எங்களை வரவேற்கும்.

ஒருமுறை கட்டிலுக்கடியில் எங்கள் சார்ஜென்ட் ஒருவனின் தொப்பி கிடந்தது. தகவல் கசிவது அவனால்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். நானெல்லாம் வேலை விஷயத்தை வீட்டில்கூட மூச்சு விடாத ஆள்!

அந்தப் பெண்களில் ஒருத்தி வியோரிகா. அவள் அம்மா போனில் அழுவதை என் அரைகுறை ரஷ்ய மொழியை வைத்துக் கேப்டனுக்குச் சொல்பவன் நான். "நாளைக்குக் கூட்டிட்டு வந்துடுவோம்மா" என்று நேற்று அந்தம்மாவிடம் சொன்னது கேப்டனில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது.

சோதனை ரத்தானது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி சுவாதாவும் பக்கத்து வீட்டு ரஸிமாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம் வரமாட்டேன்னு காலையில சொன்னீங்களே! உங்க பங்கு குடைமிளகாயை ரஸிமாவுக்குக் குடுத்துட்டேனே!"

"முட்டையாவது பொரி. தின்னுட்டுத் தூங்கப் போறேன்."

ரஸிமா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கு எங்கேயும் போகலியா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எங்கள் ஊரில் அப்படி எழுவதென்றால் வீடு தீப்பற்றியிருக்க வேண்டும்.

முட்டையும் முடிந்து, குட்டித் தூக்கமும் முடிகிற நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. மெக்கானிக் ஜீப்பின் வயிற்றைக் கழுவி எழுப்பிவிட்டாராம். கேப்டனே ஓட்டி வந்திருந்தார்.

அன்று என்வெரின் கடை மாடியில் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். கீழே சார்ஜென்ட் இருந்தான், கையில் பீரோடு, தலையில் தொப்பியில்லாமல். என்வெரோடு அவனுக்கும் சேர்த்து விலங்கு மாட்டினார் கேப்டன்.

வியோரிகா என் கோட்டுக் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. "அம்மா திட்டுவாங்களா?" என்றாள். "போன் பக்கத்துலயே உக்காந்திருக்காங்கம்மா" என்று சொல்வதற்குள் எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியெல்லாம் தீர்ந்துபோனது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்வெரிடம் போனேன். "இத்தனை நாளா உனக்குத் தகவல் சொன்னது அந்த சார்ஜென்ட்தானே?"

"அவனா? தெரிஞ்சிருந்தா இன்னிக்கு இங்க வந்து குடிச்சிட்டிருப்பானா?"

"சுத்தி வளைக்காதே. பின்னே யாரு?"

"அவன் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எனக்கு மொழிபெயர்க்கணும்" என்றார் கேப்டன், என் தோளில் கை போட்டபடி.

என்வெர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"ரஸிமா என் சித்தி பொண்ணு. நீ சாப்பிட வரமாட்டேன்னு சொல்ற அன்னிக்கெல்லாம் இவங்களை ஒளிச்சிடுவோம்... இன்னிக்கு வந்து தின்னுட்டியேடா, பாவி!"