முதுகுக்குப் பின்னால்

"அண்ணே, நிமிருங்க. ஏறிட்டாங்க."

கண்டக்டர் காதோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். டிரைவர் இடுப்புக்கு அண்டக் கொடுத்திருந்த துண்டை வெடுக்கென்று உருவி சீட்டுக்கு அடியில் தள்ளினார். நட்டுவைத்த கம்பம் மாதிரி விறைத்து உட்கார்ந்தார்.

உள்கண்ணாடியில் பார்த்தார். அதே பெண்தான். நாற்பது வயதிருக்கும். முதல் வரிசையில், அவர் முதுகும் காலும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் பேனா.

இன்றோடு பத்தாவது நாள். கடைசி நிறுத்தம் வரை வருகிறாள், அதே வண்டியில் திரும்புகிறாள். வேலைவெட்டி இருக்கிறவர்கள் இப்படி ஊரைச் சுற்றுவார்களா?

"டிக்கெட் எடுக்கிறதில்லைண்ணே. நம்ம ஆபீஸ் முத்திரை போட்ட பாஸ் காட்டுறாங்க" என்று கண்டக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். "உங்க இடுப்பு விஷயத்தை எவனோ மேல போட்டுக் குடுத்துட்டான்."

"உன்னையும் என் வீட்டுக்காரியையும் விட்டா யாருக்குய்யா தெரியும்?" டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தியமா நான் இல்லண்ணே!"

இருபத்திரண்டு வருஷம் கிளட்சை மிதித்ததில் இடுப்பிலிருந்து இடது முழங்கால் வரை நெருப்பாகக் காந்துகிறது. ஆனாலும் அவர் வெளியே மூச்சுவிட்டதில்லை. வலி என்று வாயைத் திறந்தவர்கள் எல்லாம் இப்போது டிப்போ கேட்டைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் தொடக்கூட விடுவதில்லை.

சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உச்சந்தலை வரை சுளீரென்றது. "அம்மா" என்று வந்ததைத் தொண்டையிலேயே விழுங்கினார். கண்ணாடியில் பேனா ஓடியது.

பாவி, அதையும் எழுதிவிட்டாளா?

சிக்னலில் நின்றால் வழக்கமாக ஜன்னல் பக்கம் சரிந்து கொஞ்சம் இளைப்பாறுவார். பத்து நாளாக அந்தப் பேச்சே இல்லை. பச்சை விழுந்து வண்டி கிளம்பியபோது அவள் அவர் காலையே குறுகுறுவென்று பார்த்தாள். அவளுடைய இடது கால் தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

"காலால கணக்கு வைக்கிறாங்கண்ணே" என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

கடைசி நிறுத்தம் வந்தது. தினமும் வண்டி நின்ற மறுநிமிஷம் அவள் கண்ணில் படாமல் நழுவிவிடுவார். இன்று இடது கால் மரத்துப்போய் எழவே வரவில்லை. எல்லோரும் இறங்கியபின் அவள் எழுந்து நேரே அவரிடம் வந்தாள்.

வந்தது வரட்டும் என்று அவரே ஆரம்பித்தார். "போதும்மா இந்தக் கண்ணாமூச்சி. யாரு அனுப்பினது உங்களை?"

"மேனேஜர்தான்ணே."

கண்டக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நெனச்சேன். என்ன எழுதியிருக்கீங்க? படிங்க, நானும் கேட்டுக்கிறேன்."

அவள் தயங்கித் தயங்கி நோட்டைப் பிரித்தாள். "முதுகு சாயறதே இல்லை. பள்ளத்துல இறங்கினாலும் முகம் சுளிக்கிறதில்லை. சிக்னல்லகூட நிமிர்ந்தே இருக்கார்."

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

"நானும் டிரைவர்தான்ணே" என்றாள் அவள். "பள்ளிக்கூட வேன் ஓட்டிட்டிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு பஸ் குடுக்குறாங்க. இந்த டிப்போவுல இடுப்பு வலின்னு ஒரு நாள்கூட லீவு போடாதவர் நீங்க ஒருத்தர்தானாமே! கூடவே போயி, எப்படி உட்கார்றார்னு பார்த்துக் கத்துக்கன்னாரு மேனேஜர். முன்னாடியே உங்ககிட்ட சொன்னா இயல்பா இருக்க மாட்டீங்களாம்."

கண்டக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நானே சொல்லிடலாம்னு பார்த்தா, வண்டி நின்னதும் மாயமாயிடுறீங்க." அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தாள். "வீட்டு நாற்காலியில உங்களை மாதிரியே உட்கார்ந்து பழகுறேன்ணே. பத்து நிமிஷத்துல இடுப்பு கழண்டுடுது. எட்டு மணி நேரம் எப்படித்தான் அசையாம உட்கார்றீங்க?"

டிரைவர் முதல்முறையாக அவள் கண்ணெதிரே முதுகைச் சாய்த்தார். உள்ளே எங்கேயோ மளுக்கென்றது.

"உன்னைப் பார்த்த பயத்துலதாம்மா!"