வலது கால் உனக்கு, இடது கால் எனக்கு

"வலது முழங்கால் உனக்கு, இடது எனக்கு. எது முதல்ல ஆறுதுன்னு பாத்துடலாம்" என்றான் மகன். அவன் லேசர் டாக்டர்.

"பாத்துடலாமே" என்றாள் மருமகள். அவள் மூலிகை வைத்தியர்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டு முழங்காலையும் ஒரே மாதிரி சிராய்த்துக்கொண்டு வந்து நின்றால், அந்த வீட்டில் வேறென்ன நடக்கும்? கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே சண்டைதான். புண்ணை ஆற்றுவது வெளிச்சமா, பச்சிலையா?

பந்தயமும் லேசுப்பட்டதில்லை. ஜெயித்தவருக்கு, இருவரும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கின் முன்னறை. தோற்றவருக்கு ஜன்னலே இல்லாத பின்னறை.

வீடு தேர்தல் நேரம் மாதிரி பரபரத்தது. காலையில் மகன் அப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, சிவப்பு வெளிச்சம் பாய்ச்சுவான். மாலையில் மருமகள் பச்சைக் களிம்பு தடவுவாள். பக்கத்து மருந்துக் கடைக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "எந்தக் கால் முந்துது?" என்று கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பார். அப்பாவின் முழங்காலுக்கு இப்படியொரு மவுசு வந்ததே இல்லை.

வலது கால் முந்திக்கொண்டிருந்தது. மருமகள் முகத்தில்தான் ஏனோ சந்தோஷமே இல்லை.

தீர்ப்புக்கு முந்தின நாள். அன்று மதியம் சீக்கிரமே வீட்டுக்கு வந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மருமகளின் விரல் முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்த விரல் இருந்தது இடது முழங்காலில்.

"ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்க? அப்புறமும் என் காலைக் கெடுக்கணுமா? நீயெல்லாம் ஒரு வைத்தியரா?"

அவள் தலை நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் சொட்டியது.

"கத்தாதடா." அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அவ கெடுக்கல, மருந்து தடவுறா. நான் தூங்குறேன்னு நெனச்சு, தினம் தடவி, ஊறவிட்டு, தொடச்சிட்டுப் போறா. நீ பின்னறைக்குப் போயிடக் கூடாதாம்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியும் வலது காலே முந்துதே மாமா, எப்படின்னு தெரியல" என்றாள்.

அப்பா மேஜையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"இத மாட்டிவிட்டா எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? தினம் வெளிச்சத்த வலது காலுக்குத் திருப்பினியே, அதையும் நீயே அவகிட்ட சொல்லிடு."