திரையில் இரண்டு பெயர்

துவக்குப் பிடி கன்னத்தில் இறங்கியது. டிலோன் கதிரையோடு சரிந்து விழுந்தான். வாயெல்லாம் இரத்தம்.

"படம் எங்கையடா?" முகத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்த தலைவன் அவன் நெஞ்சில் மிதித்தான். "சில்வெஸ்ரரை வாகனத்திலை ஏத்தேக்கை நீ சன்னலுக்குள்ளாலை படம் எடுத்தனி. ஊரே கதைக்குது."

"நான் கலியாண வீடுகளுக்குத்தான் படம் எடுக்கிறனான், அண்ணை."

வாசலில் நின்ற மற்றவன், டிலோனின் மனைவி நிலக்சனாவைத் தலைமயிரில் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தான்.

மேசையில் கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள். வீட்டு வேலைக்கு வின்டோஸ். டிலோன் மட்டும் திறக்கிற லினக்ஸ். பக்கத்து வீட்டு சில்வெஸ்ரரை மீன்வலைக் குவியலிலிருந்து இழுத்து வாகனத்தில் போட்டவர்களின் முகங்கள் லினக்ஸுக்குள் கிடந்தன. யார் பெட்டியைப் போட்டாலும் நேரே வின்டோஸ் வரும்படி அதை மறைத்து வைத்திருந்தான்.

"உது என்ன ஓடுது? அழிக்கிறியோ?"

"இல்லை அண்ணை. புதுப் பதிப்புக்கு மாத்தினனான். முடிஞ்சுது. ஒருக்கா நிப்பாட்டிப் போடவேணும்."

"போடு."

டிலோன் எழும்பி, பெட்டியை நிப்பாட்டிப் போட்டான். திரை அணைந்து மறுபடி எழும்பியது. லினக்ஸின் புதிய பதிப்பு அவன் மறைத்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்திருந்தது. திரையில் இரண்டு பெயர். மேலே லினக்ஸ். கீழே வின்டோஸ். தொடாமல் விட்டால் சில நொடியில் லினக்ஸ் தானாகவே திறந்துவிடும்.

பாய்ந்து விசைப்பலகைக்குக் கையை நீட்டினான். தலைவன் அவனை நிலத்தில் தள்ளி, அந்தக் கையைச் சப்பாத்தால் நசித்தான். விரல் முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"ஐயோ, விடுங்கோ அவரை!" நிலக்சனா கத்தினாள். அவள் தலை சுவரில் மோதியது.

தலைவன் திரையை மறைத்தபடி குனிந்தான். யாரையும் எதுவும் கேட்காமல், ஒற்றை விரலால் கீழ் அம்பு விசையை அமத்தி, என்ரர் விசையையும் தட்டினான். வின்டோஸ் வந்தது.

மாப்பிள்ளை பொம்பிளைகள். ஞானஸ்நானக் குழந்தைகள். சாட்டிக் கடற்கரையில் குளிக்கிற பெடியள். வேறொன்றும் இல்லை.

"ஒரு மண்ணும் இல்லை!" தலைவன் மேசையில் கிடந்த கமெராவைச் சுவரில் அடித்து நொறுக்கினான்.

"அண்ணை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவமே?" என்றான் வாசலில் நின்றவன்.

"ஏன், கலியாணம் பாக்கவோ? போய் வாகனத்தைத் திருப்படா!"

அவன் போனான். தலைவன் டிலோனின் வயிற்றில் இன்னொரு உதை விட்டான். அலறல் றோட்டுக்கே கேட்டிருக்கும். பிறகு சேட்டுக் கொலரில் பிடித்துத் தூக்கி, காதோடு வாயை வைத்தான்.

"தம்பி, லினக்ஸுக்குள்ளை கிடக்கிறதை இண்டைக்கே வெளிநாட்டுக்கு அனுப்பிப்போடும்."