ஈரம் பார்க்க வந்தவள்

“உங்களுக்கு முன்னாடி இந்தக் கடை யார் கையிலயாவது இருந்துச்சா?”

கடை வைத்து வெளிநாட்டில் குடியேற வந்த அவளிடம் விசா அலுவலகத்தில் கேட்ட கேள்வி அது. விதியை மாற்றிவிட்டார்கள். ஒருவர் ஏற்கெனவே விசாவுக்கு முதலீடு என்று காட்டிய கடையை இன்னொருவர் காட்டினால் விசா கிடையாது. பிள்ளையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். “இல்லை” என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். கட்டியதிலிருந்து யாருமே திறக்காத கடை என்றுதான் கடையை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் சத்தியம் செய்திருந்தார்.

இப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கும் வருகிறார்களாம்.

“வந்துட்டாங்க,” என்றான் கணவன், கண்ணாடி வழியே பார்த்து. “மெஷினை ஓட விடு.”

கொஞ்ச நாளாக அடிக்கடி வந்துபோகும், சாம்பல் நிறக் கோட்டும் முகக்கவசமும் போட்ட அந்தப் பெண் ஒரு நாளும் அழுக்குத் துணி கொண்டுவந்ததில்லை; ஆய்வுக்காரிதான் என்று இவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவள் தலை தெரிந்தாலே, இவர்கள் துவைத்த துணியை மறுபடி துவைக்கப் போடுவார்கள். வியாபாரம் நடக்கிற சலவைக் கடை மாதிரி தெரிய வேண்டுமே.

“இந்தச் சட்டை இனி கிழிஞ்சாத்தான் அதுக்கு விடுதலை.”

“சும்மா இருங்க, காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டுமே. நம்ம பாஷை அவங்களுக்கு எங்க புரியப் போகுது?”

இறுகிக்கொள்ளும் கடைக் கதவோடு இவர்கள் தினமும் மல்லுக்கட்டுவார்கள். அந்தப் பெண் ஷூ நுனியால் அடியில் லேசாக நெம்பினாள், சத்தமில்லாமல் திறந்தது. நேராகப் பின்சுவருக்குப் போய், இடுப்புக்குச் சற்று மேலே, வழக்கமான அதே இடத்தில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள்.

“ஈரம் பார்க்கிறாங்க போல,” என்று கணவன் முணுமுணுத்தான்.

கொஞ்ச நாளாகவே விளக்கை அணைக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கம் திரும்ப மனைவிக்குப் பயம். அங்கே ஒரு கை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை வீசிவிட்டு அந்தச் சுவரில் சாய்ந்தாள். அந்தப் பெண்ணின் கை மெல்ல நகர்ந்து குழந்தையின் உச்சந்தலையில் வந்து நின்றது. பிறகு, என்ன நினைத்தாளோ, சுவரை நகத்தால் சுரண்டினாள். புதுப் பெயின்ட் பட்டையாக உரிந்தது.

“அம்மா, உள்ள உயரம் குறிச்ச மாதிரி பென்சில் கோடு இருக்கு. பக்கத்துல தமிழ்ல எழுதியிருக்கு.” வீட்டில் படித்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள் மகள். “தம்பி, அஞ்சு வயசு. தம்பி, ஆறு வயசு.”

அதற்கு மேலே கோடு இல்லை.

மெஷின் ஓய்ந்தது. கணவன் ஈரத் துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

“அக்கா,” என்றாள் அவள். “நீங்க ஆய்வுக்கு வர்றவங்க இல்லையா? உங்களுக்கும் இதே கடையைத்தான் காட்டினானா அந்த ஏஜென்ட்?”

அந்தப் பெண் ஆமென்று தலையசைத்தாள். ஷூ நுனியால் கதவை நெம்பித் திறந்து இறங்கிப் போனாள்.