வெட்டு மேஜை

தையல்கடை மாஸ்டர் தன் வெட்டு மேஜையை ஒழிக்கத் தொடங்கியதும், பட்டன் தைக்கிறவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்ன மாஸ்டர், அதிசயமா இருக்கு?"

"ஒரே படபடப்பும்மா. மேஜையில குப்பை சேர்ந்தா மனசுலயும் சேருமாம். டாக்டர் சொல்றாரு."

அவள் நம்பவில்லை. புது உதவியாளுக்கு இடம் பண்ணுகிறார் போலிருக்கிறது. அப்படி ஒருவன் வந்துவிட்டால், போன மாதம் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்தப்பட்ட அவள் புருஷனுக்கு இனி இந்தக் கடையில் வேலையே கிடையாது.

டீ வாங்கிக்கொண்டு திரும்பினாள். பாதி ஒழித்திருந்த மேஜையில் துண்டுத் துணியும் நூல்கண்டுமாக எல்லாம் பழையபடி மலையாகக் குவிந்து கிடந்தன. மாஸ்டருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன, ஒழிக்கலையா?"

"கிடக்கட்டும் விடு. நீ அந்தப் பக்கம் போகாதே."

"ஏன், உள்ளே பாம்பா படுத்திருக்கு?"

அவர் இன்னொரு துணியை எடுத்துக் குவியலின் மேல் போட்டார்.

மதியம் அவர் சாப்பிடப் போனதும் அவள் குவியலுக்குள் கையை விட்டாள். அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். பிடியில் சிவப்புத் துணி சுற்றிய பெரிய கத்தரிக்கோல். இதைத் திருடி விற்றுவிட்டான் என்றுதான் மாஸ்டர் தெருவே கூடும்படி அவள் புருஷனை ஏசியிருந்தார்.

அவள் அழவில்லை. துணிகளை மடித்து அடுக்கினாள். நூல்கண்டுகளைப் பெட்டியில் போட்டாள். மேஜையை அழுத்தித் துடைத்தாள்.

மாஸ்டர் திரும்பி வந்தபோது, பளிச்சென்றிருந்த மேஜையின் நடுவில் கத்தரிக்கோல் மட்டும் இருந்தது.

"நீங்க பாதியில விட்டதை நான் முடிச்சுட்டேன் மாஸ்டர்" என்றாள். "இப்ப மனசு லேசாச்சா?"