மூன்றாவது சென்சார்

மூன்றாவது விளக்கு எரியவில்லை.

"எரியுதுண்ணே!" பின்சுவரின் மூலையிலிருந்து சித்ராதேவி கத்தினாள்.

சென்சார் பொருத்த வந்து, விடுதி வார்டனின் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த முகிலனின் கண்ணுக்கு அந்த விளக்குகள் தெரியாது. அதற்காகத்தான் விடுதியில் தங்கியிருக்கும் பனியன் கம்பெனிப் பெண்ணான அவளைச் சுவரோரம் நடக்கவிட்டு, சுவரேறித் தப்புபவர்களைப் பிடிக்க வைத்த ஒவ்வொரு மோஷன் சென்சாருக்கும் விளக்கு எரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

திரையில் மூன்றாவது சென்சாரிலிருந்து எதுவும் வரவில்லை.

சென்சார்களை இணைத்திருக்கும் சர்க்யூட் போர்டுக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்த இணைப்புப் பின்னில் எந்த சென்சார், அது அசைவைக் கண்டால் எந்த விளக்கு, எந்த செல்போனுக்குச் செய்தி என்று அதை இயக்கும் மென்பொருளின் கருவான கெர்னலுக்கு வரி வரியாக எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாதது அதற்கு இல்லாதது.

மூன்றாவதை எழுத மறந்திருந்தான்.

அப்படியென்றால், அவள் பொய் சொல்கிறாள்.

காலையில் இதே அறையில் அவள் அழுததைப் பார்த்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. ஒப்பந்தம் முடியாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது என்று வார்டன் சுப்பாத்தாள் சொல்லிவிட்டாள்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது.

பனியன் கம்பெனி முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒருத்தியாச்சும் மாட்டட்டுங்க தம்பி. அப்பறம் மத்த யூனிட்டுக்கும் போட்டுக்கலாம்."

சென்சாரையும், வார்டனின் செல்போனுக்குப் போகும் செய்தியையும் எழுதினான். பின்னின் எண்ணை ஒருமுறை சரிபார்த்தான்.

விளக்குக்கான வரியை எழுதவில்லை.

போர்டை அணைத்து மறுபடி இயக்கிவிட்டு, அவளை இன்னொரு தடவை நடக்கச் சொன்னான்.

நடந்தாள். விளக்கு எரியவில்லை.

"எரியுதுண்ணே! நல்லா எரியுது!"

மேசையில் சுப்பாத்தாளின் செல்போன் அதிர்ந்தது. 'மூன்றாவது சென்சார்: அசைவு' என்று வந்த செய்தியை முகிலன் படித்துவிட்டு அழித்தான்.

சித்ராதேவி தாவணி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து வீங்கியிருந்த முகம் இப்போதுதான் தெளிந்திருந்தது.

"டெஸ்ட்டு முடிஞ்சிருச்சாண்ணே?"

"இன்னும் ஒண்ணு இருக்குது அம்மிணி."

"நாந்தான் நடக்கணுமாண்ணே?"

"ஆமா," என்று லேப்டாப்பை மூடினான். "இப்ப வேண்டாம். இருட்டட்டும்."